சரோஜா வீட்டில் இருந்த உங்கள் ஹெல்மெட்

என் அன்புக்குரிய என்னங்க,

உங்களை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து 'என்னங்க'தான். நீங்கள் போய்விட்டீர்கள் என்பதற்காக இப்போது பெயரைப் போட்டு எழுதினால் வேறு யாருக்கோ எழுதுவது போல இருக்கும். அதனால் இப்படியே எழுதுகிறேன். உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபம் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான். எனக்கு இருப்பது பொறாமை.

பத்திரிகையில் நினைவஞ்சலி போடலாம் அம்மா, நாலு வரி எழுதிக் கொடு, அப்பாவின் ஒரு படம் போதும் என்றாள் நம் மாலதி. நாலு வரியில் அடங்குகிற காரியமா நீங்கள் செய்தது?

சேதியைச் சொல்கிறேன். ஈப்போவில் நீங்கள் வேலை பார்த்த பழைய பொம்பா ஸ்டேஷனை மியூசியமாக்கிவிட்டார்கள். அழைப்பிதழில் 'தீயணைப்பு வரலாற்று அருங்காட்சியகம்' என்று தமிழிலும் ஒரு வரி போட்டிருந்தது. பொம்பா என்றே சொல்லிப் பழகிய வாய்க்கு அதைப் படித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. கொண்டுவந்து கொடுத்தவன் ஜமால். உங்களிடம் ஜூனியராக இருந்த அதே ஜமால்தான். தாடியெல்லாம் வெளுத்துவிட்டது. ரிட்டயர்ட் ஆன பிறகு தம்பியின் சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் உட்காரப் பிடிக்காமல், இந்த மியூசியத்தைப் பார்த்துக்கொள்ள வந்துவிட்டான்.

"அண்ணி, நீங்க கண்டிப்பா வரணும். அண்ணே இருந்திருந்தா முத ஆளா வந்து நிப்பாரு லா," என்றான்.

போனேன். சிவப்புக் கதவுகளுக்குப் புதுச் சாயம் அடித்திருந்தார்கள். நனைந்த ஹோஸ்களைத் தொங்கவிட்டுக் காயப்போடுவீர்களே, அந்தக் கோபுரத்தில் சர விளக்கு. மாடியிலிருந்து நீங்களெல்லாம் சறுக்கி இறங்குகிற பித்தளைக் கம்பம் பளபளவென்று நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டோம் என்றார்கள். அந்தக் காலத்தில் எஸ்டேட்டுகளில் வைத்திருந்த கைப்பம்பு, மணல் வாளி, ஆபத்துக்கு அடிக்கிற மணி எல்லாவற்றையும் சுவரோரம் வைத்திருந்தார்கள். நீங்கள் பார்த்திருந்தால் "இதைத் துடைச்சவன் அவசரத்துல துடைச்சிருக்கான்" என்று ஏதாவது குறை சொல்லியிருப்பீர்கள்.

முன்வரிசையில் நடு நாற்காலியில் சரோஜா உட்கார்ந்திருந்தாள்.

உங்கள் உயிர்க் கூட்டாளி லிங்கத்தின் சரோஜா. மயில்கழுத்து நிறத்தில் பட்டு, தலையில் கனகாம்பரம். பெரிய அதிகாரி அவளுக்குக் குடை பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போய் ரிப்பன் வெட்டச் சொன்னார். 'கடமையில் உயிர் நீத்த வீரரின் துணைவி' என்று மைக்கில் அறிவித்தார்கள். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நானும் எழுந்து நின்றேன். எனக்குக் கொடுத்திருந்த இடம் தூணுக்குப் பின்னால்.

உள்ளே போனால் சுவர் முழுக்க லிங்கத்தின் படம். அரும்பு மீசை, அகன்ற தோள், அந்தச் சிரிப்பு. அவனுக்கு வயது ஏறவே இல்லை, பாருங்கள். உங்களையும் தேடினேன். மூலையில் ஒரு குழுப் படத்தில் இருந்தீர்கள். பக்கத்தில் நிற்பவன் பிடித்திருக்கிற ஏணி உங்கள் முகத்தில் பாதியை மறைத்துவிட்டது. வெளியே தெரிந்த காதை வைத்துத்தான் உங்களைக் கண்டுபிடித்தேன்.

அங்கேயே நின்று நினைத்துக்கொண்டேன். சரோஜாவின் புருஷன் ஒருநாளும் இருமியதில்லை. கிண்ணத்தில் சளி துப்பியதில்லை. மூச்சு கிடைக்காமல் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, முதுகுக்குத் தலையணை போதவில்லை என்று பெண்டாட்டி மேல் எரிந்து விழுந்ததில்லை. அவன் சுவரில் அழகாகச் சிரித்துக்கொண்டிருக்கிறான். என் புருஷன் இருமி இருமி, எலும்பாகி, புந்தோங்கில் நம் வீட்டு முன் அறையில் ஆக்சிஜன் குழாயோடு செத்தார். அதற்கு ரிப்பனும் கிடையாது, கைதட்டலும் கிடையாது. அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே நெருப்புக்குள் தானே போனீர்கள்?

உங்களுக்குத் தெரிந்த கதைதான். இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஈப்போவுக்கு வெளியே, இப்போது செம்பனை மரங்கள் நிற்கிற இடத்தில், அன்று ரப்பர் எஸ்டேட் இருந்தது. ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகைபோட்டு உலர்த்துகிற கட்டடத்தில் மத்தியானம் தீப்பிடித்துவிட்டது. உள்ளே இரண்டு ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்களாம். நீங்களும் லிங்கமும் உள்ளே போனீர்கள். நீங்கள் ஒருவரைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தீர்கள். லிங்கம் மற்றவரை வாசல் வழியாக வெளியே தள்ளிவிட்டான். தள்ளின கையோடு உத்தரம் சரிந்து அவன் மேல் விழுந்துவிட்டது.

இதுவரை மியூசியத்துச் சுவரில் எழுதியிருக்கிறது. இதற்குப் பிறகு நடந்தது எழுதப்படவில்லை. தூக்கி வந்த ஆளைப் புல்லில் போட்டுவிட்டு, முகமூடிகூட இல்லாமல், நீங்கள் மறுபடியும் உள்ளே ஓடினீர்கள். ஜமால் உங்கள் காலைப் பிடித்துத் தடுத்தான். அவனை உதைத்துவிட்டுப் போனீர்கள். லிங்கத்தை உங்களால் எடுக்க முடியவில்லை. புகையைக் குடித்துவிட்டு வந்து வாசலில் விழுந்தீர்கள். அந்தப் புகைதான் பிறகு உங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. ஆனால் ஒரே நாளில் செத்தால் வீரர், முப்பது வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு செத்தால் நோயாளி. இது என்ன நியாயம்?

இந்த எரிச்சலோடு திரும்பும்போதுதான் அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தேன்.

உள்ளே ஒரு ஹெல்மெட். வெல்வெட் துணி மேல் வைத்து மேலே விளக்குப் போட்டிருந்தார்கள். 'வீரர் லிங்கம் அணிந்திருந்த தலைக்கவசம். அன்னாரின் துணைவியார் வழங்கியது' என்று அட்டை. நான் சும்மா குனிந்து பார்த்தேன். தாடைக்கு மாட்டுகிற வாரில் நீல நூலில் ஒரு தையல். இன்னும் குனிந்து உள்பக்கம் பார்த்தேன். மஞ்சள் ஃபிளானல் துணியின் ஓரம் தெரிந்தது. வாத்துப் படம் போட்ட துணி.

அது உங்களுடையதுங்க! உங்கள் தலை சின்னது, ஹெல்மெட் ஆடுகிறது என்று சொன்னீர்கள். மாலதியின் குழந்தைத் துணியை வெட்டி மடித்து உள்ளே வைத்துத் தைத்தவள் நான். கறுப்பு நூல் தீர்ந்துபோனதால் வாரை நீல நூலில் தைத்ததும் நான். "பொம்பாக்காரன் தலையில வாத்தா?" என்று லிங்கம் கேலி செய்ததாக வந்து சொன்னீர்களே!

ஜமாலை இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன்.

"இது உங்க அண்ணனோடது. பேரை மாத்து."

"அண்ணி, மெதுவா... ஆளுங்க இருக்காங்க லா."

"இருக்கட்டும். நான் தைச்ச தையல் எனக்குத் தெரியாதா?"

ஜமால் பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு முன்வரிசையில் யாரோ கொடுத்த கூல்டிரிங்ஸைக் குடித்துக்கொண்டிருந்த சரோஜாவைப் பார்த்தான்.

"அந்த அக்காகிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படி அண்ணி நான் கை வைக்கிறது?"

"நானே கேக்கிறேன்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கே கேட்டிருப்பேன். அவளைச் சுற்றி அவ்வளவு கூட்டம்.

வீட்டுக்கு வந்து உங்கள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். விளக்கேற்றவில்லை. அந்தத் தீ விபத்துக்குப் பிறகு உங்களுக்குப் புது ஹெல்மெட் கொடுத்தார்கள். பழையது எங்கே என்று கேட்டேன். "அது போச்சு, தனம்" என்றீர்கள். நெருப்பில் போனது என்று நானாக நினைத்துக்கொண்டேன். புதியதற்குத் துணி வைத்துத் தைக்கட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று தலையை ஆட்டினீர்கள். போச்சு என்றால் எங்கே போச்சு? சுங்காயில் இருக்கிற சரோஜா வீட்டுக்குப் போச்சு என்று ஏன் முழுதாகச் சொல்லவில்லை?

தப்பாக ஒன்றும் நினைக்கவில்லை. உங்களை எனக்குத் தெரியும். ஆனால் தப்பாக நினைக்க ஏதாவது இருந்திருந்தால்கூடச் சண்டை போட்டு முடித்திருக்கலாம் போலிருந்தது. நான் தைத்ததை இன்னொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு, என் பக்கத்தில் படுத்து, என் கையால் வெந்நீர் வாங்கிக் குடித்துக்கொண்டு, எப்படி இத்தனை காலம் வாய் திறக்காமல் இருந்தீர்கள்?

அந்த வாரமே ரயிலேறிச் சுங்காய் போனேன். வருகிறேன் என்று மட்டும் போனில் சொல்லியிருந்தேன். ஸ்டேஷன் வாசலில் சரோஜா மோட்டாரோடு நின்றுகொண்டிருந்தாள். மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள்தான்! அறுபது வயதைத் தாண்டியவள், சுடிதாரும் செருப்புமாக அதன் மேல் உட்கார்ந்து, "அக்கா, ஏறுங்க. சேலையை இழுத்துச் சொருகிக்குங்க, சக்கரத்துல மாட்டிக்கும்," என்கிறாள். எனக்கு ரோட்டைக் கடக்கவே யாராவது கை பிடிக்க வேண்டும். நான் சண்டை போடப் போகிறவளின் இடுப்பைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதாகிவிட்டது.

எஸ்டேட்டை மூடியபோது தொழிலாளர்களுக்குக் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று அவளுடையது. அவளுடைய அம்மா வீட்டுக்கு வந்த பங்கு. உள்ளே நுழைந்ததும் சாமி அலமாரிதான் கண்ணில் பட்டது. முருகன், மாரியம்மன், லிங்கத்தின் படம். நடுத்தட்டில் மட்டும் ஒரு வெற்றிடம். பலகையில் வட்டமாகச் சாயம் மங்காமல் இருந்தது. சுற்றிலும் விபூதி சிந்திக் காய்ந்திருந்தது.

தேநீர் கொடுத்தாள். நான் தொடவில்லை.

"சரோஜா, அந்த ஹெல்மெட்டு..."

"தெரியும் அக்கா."

"என்ன தெரியும்?"

"அது எங்க வீட்டுக்காரரோடது இல்ல. மொத நாளே தெரியும்."

அவளே பேசினாள்.

"கருமாதி அன்னிக்கு அண்ணேகிட்ட நான்தான் கேட்டேன். அவரு மேல இருந்தது ஏதாச்சும் ஒண்ணு குடுங்க அண்ணே, அந்தத் தொப்பியையாச்சும் குடுங்கன்னு எல்லாரு முன்னாலயும் கத்தினேன். அண்ணே ஒண்ணும் பேசல. மறுநாள் காலையில வந்து நிக்கிறாரு. வாசப்படி ஏறல. ரெண்டு கையாலயும் நீட்டுறாரு. 'லிங்கத்தோடதும்மா, தேடி எடுத்துட்டு வந்தேன்'ங்கிறாரு. வாங்கி உள்ள பார்த்தா வாத்துத் துணி. எங்க வீட்டுல ஏதுக்கா வாத்துத் துணி? என் புள்ள அப்ப வயித்துலல்ல இருந்தான்."

"நீ கேக்கலையா?"

"எப்படிக்கா கேக்கிறது? நான் நம்பிட மாட்டேனான்னு பிச்சை கேக்கிற மாதிரி நின்னாரு. அந்த முகத்தைப் பார்த்துட்டு இது உங்களுதுல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. சரி அண்ணேன்னு வாங்கிக்கிட்டேன். அப்புறம் எத்தனையோ தடவை வந்திருக்காரு. அது சாமி தட்டுல இருக்கிறதப் பார்ப்பாரு. நான் பார்க்கிறதையும் பார்ப்பாரு. ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசினதே கிடையாது."

எனக்கு எங்கே எரிந்தது தெரியுமா? நீங்கள் கொடுத்ததில் இல்லை. லிங்கத்தின் ஹெல்மெட் அந்த உத்தரத்துக்கு அடியில் என்ன கதியில் இருந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. அதை ஒரு பிள்ளைத்தாச்சியின் கையில் கொடுக்க உங்களால் முடியாது. அது சரி. ஆனால் அந்த அலமாரிக்கு முன்னால், ஒரு வார்த்தை பேசாமல், நீங்களும் அவளும் ஒரு பொய்யை இத்தனை காலம் காப்பாற்றி வைத்திருந்தீர்களே. அவளுக்கு உங்கள் மனது தெரிந்திருக்கிறது, உங்களுக்கு அவள் மனது தெரிந்திருக்கிறது. தைத்தவள் நான் வெளியே நின்றிருக்கிறேன், அப்படி ஒரு கதவு இருப்பதே தெரியாமல்.

"என்கிட்ட சொல்லணும்னு ஒருநாளும் தோணலையா உனக்கு?"

"நீங்க வந்து கேட்டுருவீங்கன்னு பயந்துகிட்டே இருந்தேன் லா. நீங்க எங்க வீட்டுக்கு வந்தா அன்னிக்கு மட்டும் அதை எடுத்துத் துணி அலமாரிக்குள்ள ஒளிச்சு வச்சுருவேன்."

"பயந்தவ எதுக்கு மியூசியத்துல கொண்டுபோய்க் குடுத்த?" என்று கேட்டேன். குரல் எனக்கே கொடூரமாகத்தான் கேட்டது.

சரோஜா தலையைக் குனிந்துகொண்டாள். "ஜமால் தம்பி வந்து கேட்டப்ப மகன் பக்கத்துல இருந்தான் அக்கா. அவன் அதை அவங்க அப்பாவோடதுன்னு நம்பித்தான் வளர்ந்தான். அதைத் தொட்டுக் கும்புட்டுட்டுத்தான் நேவியில சேரப் போனான். 'குடுத்துடும்மா, அப்பாவை ஊரே பார்க்கட்டும்'னு அவன்தான் எடுத்துக் குடுத்தான். இல்லப்பா, இது உங்க அப்பாவோடது இல்லன்னு அந்த நேரத்துல நான் எப்படிச் சொல்லுவேன்?"

சத்தியமாகச் சொல்கிறேன், விட்டுவிடலாம் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். அவள்தான் விடவில்லை. முந்தானை மாதிரி சுடிதார் துப்பட்டாவில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து லூமுட்டுக்குப் போட்டாள். அங்கே கடற்படைத் தளத்தில்தான் அவள் மகன் குமரன் இருக்கிறான். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். நான் கையைப் பிடித்து "வேணாம் சரோஜா" என்றேன். "இல்லக்கா, இன்னிக்கு விட்டா எனக்குத் தைரியம் வராது," என்று சொல்லிவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

அவள் சொல்லி முடித்ததும் குமரன், "அப்ப அப்பாவோடது என்னம்மா ஆச்சு?" என்று கேட்டான்.

"அது முழுசாக் கிடைக்கலய்யா."

பிறகு, "ஆண்ட்டி அங்க இருக்காங்களா?" என்றான்.

"இருக்கேன்யா," என்றேன்.

"பேரை மாத்திடுங்க ஆண்ட்டி. அங்கிளோட பொருளுக்கு அங்கிள் பேருதான் போடணும். எங்கப்பாவுக்குத்தான் படம் இருக்கே." மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டான். "சின்னப் புள்ளையில யாரும் இல்லாதப்ப அதை எடுத்து மாட்டிப் பார்ப்பேன் ஆண்ட்டி. உள்ள இருக்கிற அந்த வாத்து, அது எங்கப்பா எனக்காக வச்சதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

என்னங்க, இதற்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? ஆறிப்போன தேநீரை எடுத்துக் குடித்தேன்.

சரோஜா மறுபடியும் என்னை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தாள். ரயில் வர நேரம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். திடீரென்று, "அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?" என்றாள்.

"சொல்லு."

"அண்ணே ஆஸ்பத்திரியில இருந்தப்ப ஒரு தடவை பார்க்க வந்தேன். நீங்க அவரைத் திட்டிக்கிட்டு இருந்தீங்க. 'எத்தனை தடவை சொல்றது, பச்சைத்தண்ணியைக் குடிக்காதீங்கன்னு, செவிடா நீங்க'ன்னு. நான் கதவுக்கிட்டயே நின்னுட்டேன். உள்ள வரல. அப்படியே பஸ் ஏறி வந்துட்டேன்."

"ஏன்?"

"பொறாமையா இருந்துச்சு," என்றாள். "எனக்குத் திட்ட ஆளில்லையே அக்கா. படத்தைப் பார்த்து எத்தனை நாளைக்குத் திட்டுறது? அது சிரிச்சுக்கிட்டே இருக்குது."

அவளுடைய பொறாமையைக் கேட்டதும் என்னுடையது குறைந்திருக்க வேண்டும் இல்லையா? நல்ல மனுஷியாக இருந்தால் குறைந்திருக்கும். எனக்குக் குறையவில்லை. ஆனால் இதுவரை நான் மட்டும் தனியாக எரிந்துகொண்டிருந்தேன். இப்போது பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறாள். ரயில் வந்தபோது அவள் என் பையைத் தூக்கி உள்ளே வைத்தாள். வழிக்கென்று வாழைப்பழ உருண்டை பொரித்துக் கட்டியிருந்தாள். தாப்பா ஸ்டேஷன் தாண்டுவதற்குள் எல்லாவற்றையும் தின்றுவிட்டேன். நன்றாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜமால் அட்டையை மாற்றிவிட்டான். மாற்றும்போது நானும் சரோஜாவும் இரண்டு பக்கம் நின்றோம். என்ன எழுதுவது என்று அவன் தலையைச் சொறிந்தான். "நடந்ததை எழுது தம்பி," என்றாள் சரோஜா. "அண்ணே ரெண்டாவது தடவை உள்ள ஓடினதையும் எழுது," என்றேன் நான். "எழுதுறேன் அண்ணி. என்னை உதைச்சதையும் எழுதவா?" என்று கேட்டுவிட்டு, சிரிக்கப் போனவன் அழுதுவிட்டான். பாவம், அந்தப் பெரிய தாடியெல்லாம் நனைந்துபோனது. அவன் பிடியை உதறிவிட்டு நீங்கள் உள்ளே போன நாள் அவனுக்கும் இருக்கிறதல்லவா? எங்கள் இருவருக்கும் அது அதுவரை தோன்றவே இல்லை.

இப்போது அட்டையில் இப்படி இருக்கிறது. தோழனைக் காப்பாற்ற இரண்டாம் முறையும் நெருப்புக்குள் சென்ற வீரர் மணியத்தின் தலைக்கவசம். உயிர் நீத்த தோழர் லிங்கத்தின் நினைவாக அவர் குடும்பத்துக்கு மணியம் தம் கையால் கொடுத்தது. திருமதி சரோஜாவால் இத்தனை காலம் பாதுகாக்கப்பட்டது. மலாயிலும் தமிழிலும் போட்டிருக்கிறார்கள்.

நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் பெயர் இருக்கிறது. லிங்கத்தின் பெயர் இருக்கிறது. சரோஜாவின் பெயரும் இருக்கிறது. தைத்தவளின் பெயர்தான் இல்லை. ஜமாலிடம் கேட்கலாம் என்று வாய் வரை வந்தது. அட்டையில் இடமும் இல்லை, எனக்கு மானமும் இருக்கிறது. கேட்கவில்லை. இனி வரும் வாரங்களில் பிள்ளைகள் யாராவது உள்ளே எட்டிப் பார்த்து "ஏன் இதுல வாத்து இருக்கு?" என்று கேட்டால், பக்கத்தில் நின்று பதில் சொல்ல ஒரு நாற்காலி போட்டுக் கொடு என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். போட்டுக் கொடுத்திருக்கிறான். சனிக்கிழமைகளில் போகிறேன்.

இன்னும் ஒரே ஒரு சேதி. அதைச் சொல்லிவிட்டு முடித்துவிடுகிறேன்.

போன வாரம் உங்கள் திவசம். சரோஜாவைக் கூப்பிட்டிருந்தேன். மாலதி என்னை விசித்திரமாகப் பார்த்தாள். சரோஜா காலையிலேயே வந்துவிட்டாள், கையில் ஒரு தூக்குச் சட்டி. திறந்தால் கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு.

"அண்ணேக்கு உசுரு அக்கா. அவங்க ரெண்டு பேரும் ஷிப்டு முடிஞ்சு எங்க வீட்டுக்கு வந்தா இதைத்தான் கேப்பாரு."

நம் வீட்டில் கருவாடு வாங்கியதே இல்லை. அந்த வாடை எனக்கு ஆகாது என்று கல்யாணமான புதிதில் சொன்னேன். "எனக்கும் பிடிக்காது தனம்" என்றீர்கள். ஒரு வாழ்நாள் முழுக்க ரசமும் கூட்டும் போட்டு வளர்த்தேன், மனுஷன் வாய் திறக்கவில்லை!

இலை போட்டு எல்லாவற்றையும் பரிமாறினேன். உங்களுக்குப் பிடித்தது என்று நான் இத்தனை நாள் நம்பிச் செய்ததையெல்லாம் நடுவில் வைத்தேன். அந்தக் குழம்பை இலையின் ஓரத்தில், அதுவும் கரண்டி நுனியால், கொஞ்சமாக வைத்தேன். சரோஜா பார்த்தாள். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கேளுங்கள், இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு. அடுத்த வருடத் திவசத்துக்கும் அவளைக் கூப்பிடுவேன். குமரனையும் லூமுட்டிலிருந்து வரச் சொல்லுவேன். கருவாட்டுக் குழம்பும் இலையில் இருக்கும். அதை நடுவில் வைப்பதற்கு மட்டும் எனக்கு இன்னும் ஒரு வருடம் அவகாசம் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்களை இன்னும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மனம் வராத
உங்கள் வீட்டுக்காரி,
தனம்